உறவு: 'மற்றவை' (ஜாயிண்ட் அக்கவுண்டுக்கு 5-க்கு 3 நட்சத்திரம்)

வங்கியின் பெயரைச் சொல்லப்போவதில்லை. அந்தக் கிளையில் எங்களுக்கு இன்னும் வேலை இருக்கிறது.

நான் அம்பத்தூரில் ஒரு அச்சகத்தில் கணக்கு பார்க்கிறேன். கையில் 46,000 வருகிறது. என்னோடு வாழும் என் துணை, அவள் லேப் டெக்னீசியன், 34,000. வாடகை 17,000. அவளுடைய பையன் ஐந்தாம் வகுப்பு, ஸ்கூல் ஃபீஸ் தனி. அவன் என்னைச் சித்தி என்பான். ஆறு வருடமாக ஒரே அடுப்பு, ஆனால் இரண்டு அக்கவுண்ட். மாதம் பிறந்தால் ஜிபேயில் அவள் எனக்கு, நான் அவளுக்கு. சிலிண்டருக்கு யார் கொடுத்தது என்று காலண்டர் தாளில் எழுதி வைப்போம். அடுத்தவன் கம்பெனிக்கு பைசா சுத்தமாகக் கணக்கு எழுதுகிறவள் வீட்டில் இந்த லட்சணம்.

போதாததற்கு வருமான வரி. மனைவிக்குக் கணவன் எத்தனை லட்சம் அன்பளிப்பாகக் கொடுத்தாலும் வாங்கியவருக்கு வரி இல்லை. 'உறவினர்' என்று சட்டம் போட்டிருக்கும் பட்டியலில் நாங்கள் வர மாட்டோம். வருடத்தில் 50,000-ஐத் தாண்டினால் முழுத் தொகையும் வருமானம். வீட்டுச் செலவைப் பங்கு போடுவது அன்பளிப்பா என்று நாளைக்கு யாராவது கேட்டால் காலண்டர் தாளையா காட்டுவது? அதனால்தான் 2025 ஜனவரியில் ஜாயிண்ட் அக்கவுண்ட் தொடங்கப் போனோம்.

கவுண்டரில் இருந்த பெரியவர் நல்ல மனிதர்தான். பாரத்தைப் பார்த்துவிட்டு, "சிஸ்டர்ஸாம்மா?" என்றார்.

"இல்ல சார், ஒரே வீட்ல இருக்கோம்."

"ஓ, ஃப்ரெண்ட்ஸ்."

அவள் என் முழங்கையை இடித்தாள். வீடு பார்த்தபோது ஹவுஸ் ஓனரிடம் அக்கா தங்கை என்று சொல்லியிருந்தோம். இங்கேயும் அதையே சொல்ல எனக்கு மனசில்லை. "பார்ட்னர் சார்," என்றேன்.

"பிசினஸ் பார்ட்னர்னா கரண்ட் அக்கவுண்ட்தாம்மா ஓப்பன் பண்ணணும். ஜிஎஸ்டி நம்பர் இருக்கா?"

சிரிப்பை அடக்கிக்கொண்டு பையிலிருந்து தாளை எடுத்தேன். 2024 ஆகஸ்ட் 28-ஆம் தேதி நிதி அமைச்சகம் வெளியிட்ட அறிவிப்பு. பால்புதுமையர் (குயர் மக்கள், எங்களைப் போன்ற ஒரே பாலின ஜோடிகளும் அதில் சேர்த்திதான்) ஜாயிண்ட் அக்கவுண்ட் தொடங்கவும், துணையை நாமினியாகப் போடவும் தடை எதுவும் இல்லை என்கிறது. அதற்கு ஒரு வாரம் முன்பே ரிசர்வ் வங்கி எல்லா வணிக வங்கிகளுக்கும் இதைத் தெளிவுபடுத்திவிட்டது. அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டு இரண்டு தடவை படித்தார். மேனேஜர் அறைக்குப் போய் இருபது நிமிடம் கழித்து வந்தார். முகத்தில் சங்கடம் இருந்தது, கோபம் இல்லை. "சிஸ்டத்துல அந்த ஆப்ஷன் இல்லம்மா. 'மற்றவை'ன்னு போட்டுக்கட்டுமா?" போட்டுக்கொள்ளச் சொன்னோம்.

உண்மையைச் சொன்னால், அந்த அறிவிப்பு புதிதாக எதையும் கொடுக்கவில்லை. ஜாயிண்ட் அக்கவுண்டுக்கு உறவே தேவையில்லை, அடுத்த தெருக்காரரோடும் தொடங்கலாம். ஆனாலும் கையில் ஒரு தாள் இருப்பதற்கும் இல்லாததற்கும் கவுண்டரில் எவ்வளவு வித்தியாசம்! 2023 அக்டோபர் 17 அன்று ஒரே பாலின ஜோடிகளுக்குத் திருமண உரிமை கிடையாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னபோது இரண்டு பேரும் அன்றைக்குச் சமைக்கவில்லை. அந்த வழக்கின்போது அரசு ஒப்புக்கொண்ட கமிட்டி வழியாக வந்ததுதான் இந்த ஒரு பக்கம்.

கணக்கு நன்றாகத்தான் ஓடுகிறது. இருவரில் யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், ஒருவர் போய்விட்டால் மற்றவர் எடுக்கலாம். வாடகை, பால், ஸ்கூல் ஃபீஸ் எல்லாம் இதிலிருந்தே போகிறது. நாமினியாகப் பையன், அவன் மைனர் என்பதால் அவன் சார்பில் வாங்கிக்கொள்ள என் அம்மா. அம்மாவிடம் சொன்னபோது, "எல்லாம் சரி, பாஸ்புக்ல யார் பேரு முதல்ல?" என்று மட்டும் கேட்டாள். (அவள் பெயர்தான். அகர வரிசை.)

2025 நவம்பர் முதல் நான்கு நாமினி வரை போடலாம், சதவீதமும் பிரிக்கலாம் என்று சட்டம் மாறியது. டிசம்பரில் போய் என் எஃப்டிக்கு அவளுக்கு 60, அம்மாவுக்கு 40 என்று மாற்றினேன். பத்தே நிமிடம், கேள்வியே இல்லை. மூன்றாவது நட்சத்திரம் அதற்காக.

குறைந்த இரண்டில் ஒன்று, நாமினி என்றால் என்ன என்று அங்கே ஒருவரும் சொல்லாததற்கு. நாமினி பணத்தை வாங்கிக்கொள்ளும் ஆள்தான், சொந்தக்காரர் அல்ல. வாரிசு உரிமை கேட்டு வந்தால் கொடுத்தாக வேண்டும். உயில் எழுதாமல் நான் போனால், கல்யாணமாகாத எனக்கு வாரிசு பெற்றோர், அவர்களுக்குப் பிறகு அப்பா வழி ஆட்கள். அதனால் நாங்கள் உயில் எழுதிவிட்டோம். வெள்ளைத் தாளே போதும், இரண்டு சாட்சிக் கையெழுத்து, பதிவு கட்டாயமில்லை. பையன் விஷயத்தில் மட்டும் தாள் எதுவும் உதவவில்லை. அவளுக்கு ஒன்று ஆனால் அவன் அவனுடைய அப்பாவிடம் போவான். காய்ச்சலுக்கு ராத்திரி முழுக்க நெற்றியில் துணி போட்டவள் சட்டத்துக்குப் பக்கத்து வீட்டுக்காரி.

இன்னொரு நட்சத்திரம் ஹோம் லோனில் போனது. இருவர் சம்பளத்தையும் சேர்த்தால்தான் ஆவடிப் பக்கம் ஒரு சின்ன ஃப்ளாட்டாவது எட்டும். சேர்ந்து லோன் வாங்க இரத்த உறவோ கணவன் மனைவியோ ஆக வேண்டும் என்றார் லோன் அதிகாரி. திருமணம் மட்டுமே குடும்பத்தை உருவாக்கும் வழியல்ல என்று 2025 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னதே என்றேன். "படிச்சேன் மேடம், நல்ல தீர்ப்பு," என்றார். அதோடு சரி. என் பெயரில் மட்டும் வாங்கிப் பிறகு அவளுக்குப் பங்கு எழுதித் தரலாம் என்றால் முத்திரைத் தீர்வை இடிக்கிறது. குடும்பத்துக்குள் செட்டில்மென்ட் என்றால் 1 சதவீதம், அதற்கும் உச்சவரம்பு உண்டு. வெளியாளுக்கு 7 சதவீதம்.

போகிறவர்கள் அந்த அறிவிப்பை இரண்டு காப்பி எடுத்துப் போங்கள், ஒன்றை அவர்களே வைத்துக்கொள்கிறார்கள். 'பார்ட்னர்' என்ற சொல்லைத் தவிர்க்கவும். பதினொரு மணிக்கு முன்னால் போனால் கூட்டம் இல்லை. பாஸ்புக் பிரிண்டர் மூன்று வாரமாக வேலை செய்யவில்லை.