முள் கேஜா, திரையா? ஹெலிகாப்டர் காக்பிட்டில் எந்தச் சான்று எதுவரை தாங்கும்

2024 ஆகஸ்டில் புதுச்சேரியில் கடலோரக் காவல்படையின் விமானத் தளம் திறக்கப்பட்டபோது, அங்கே சேத்தக், துருவ் என இரண்டு வகை ஹெலிகாப்டர்களும் இருக்கும் என்று அறிவித்தார்கள். சேத்தக் என்பது பிரெஞ்சு அலூயெட் 3. அந்த மூல வடிவம் 1959-இலேயே பறந்துவிட்டது. (புதுவைக்குப் பிரெஞ்சு சரக்கு புதிதா என்ன!) அதன் பேனல் அடிப்படையில் முள் வைத்த வட்டக் கருவிகள்தான். துருவின் மார்க் 3-இல் அந்த இடத்தில் மின்னணுத் திரைகள். ஒரே கடல், ஒரே உப்புக்காற்று, உள்ளே மட்டும் இரண்டு தலைமுறை.

எது பாதுகாப்பு என்று கேட்டால் பலரும் யோசிக்காமல் திரை என்பார்கள். என் பதில் வேறு: எது எதற்காகச் சான்று பெற்றிருக்கிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும். மேலே சொன்ன இரண்டும் படைகளின் ஹெலிகாப்டர்கள். அவற்றுக்குத் தகுதிச் சான்று தருவது பெங்களூரில் உள்ள செமிலாக். சிவில் பக்கம் நம் விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பான டிஜிசிஏ, பெரும்பாலும் அதே வேலையைச் செய்யும் அமெரிக்க எஃப்.ஏ.ஏ., ஐரோப்பிய ஈயாசா ஆகியவற்றின் விதிகளை ஒட்டியே போகிறது. அந்த விதிகள் வெளிப்படையாகக் கிடைப்பதால் இந்த அலசல் முழுக்க அதை வைத்துத்தான்.

முதலில் பழைய முள் கேஜ். இதன் பெரிய பலம், ஒவ்வொன்றும் தனித்தனி ஆள். உயரமானியும் வேகமானியும் காற்றழுத்தத்திலேயே ஓடும்; கரண்ட் மொத்தமாகப் போனாலும் முள் அசையும். சாஃப்ட்வேர் கிடையாது, அதனால் சான்று வேலையும் சுருக்கம். ஆனால் சாய்வு காட்டும் ஜைரோ விஷயத்தில் இந்தப் பெருமை செல்லாது. பேரிங் தேய்ந்த ஜைரோ சட்டென்று நிற்காது. கோளாறு என்று காட்டும் எச்சரிக்கைக் கொடியும் விழாமல் மெல்ல மெல்லச் சாயும். விமானியும் அதை நம்பி ஹெலிகாப்டரைச் சாய்ப்பார். வங்கக் கடல் மேலே மழை மூட்டத்தில் வானமும் தண்ணீரும் ஒரே சாம்பல் நிறமாகிவிடும் நேரத்தில் இதைக் கண்டுபிடிக்க வேறு கேஜ்களோடு ஒப்பிட்டுப் பார்க்கிற கண் வேண்டும். பகல், நல்ல வெளிச்சம், கரையை ஒட்டிய பறப்பு என்றால் இன்றும் இது போதும்.

அடுத்தது, பழைய ஹெலிகாப்டரில் பிற்பாடு மாட்டும் திரை. குழப்பம் முழுக்க இங்கேதான்.

இங்குள்ள ஒரு பொறியியல் கல்லூரியில் மாணவர்கள் சின்ன போர்டு ஒன்றில் சென்சார் கோர்த்து, சாய்வும் உயரமும் காட்டும் அழகான திரை செய்திருந்தார்கள். "சார், இது கரெக்டாத்தானே காட்டுது, ஏன் ஹெலிகாப்டர்ல மாட்டக் கூடாது?" என்று கேட்டார் ஒருவர். நியாயமான கேள்வி. கரெக்டாகக் காட்டுவது சான்றின் சின்னப் பகுதிதான். தப்பாகக் காட்டினால் என்ன ஆகும், அது எத்தனை அபூர்வம் என்று நிரூபிப்பதுதான் மீதி எல்லாம்.

விதி இப்படிப் போகிறது. கோளாறின் விளைவு பெரியது என்றால், பறக்கும் ஒரு மணி நேரத்துக்கு லட்சத்தில் ஒன்றுக்கு மேல் வாய்ப்பு இருக்கக் கூடாது. ஆபத்தானது என்றால் கோடியில் ஒன்று. எல்லோரும் சாகக்கூடியது என்றால் நூறு கோடியில் ஒன்று. மேகத்துக்குள் இருக்கும்போது எல்லாத் திரைகளும் ஒரே தவறான சாய்வைக் காட்டுவது கடைசி வகை. அப்படிப்பட்ட வேலை செய்யும் சாஃப்ட்வேருக்கு டி.ஓ.-178சி என்ற நெறியில் மிகக் கடுமையான ஏ நிலை. 71 இலக்குகளை நிறைவேற்றிக் காட்ட வேண்டும். டி நிலைக்கு 26 போதும். ஏ நிலையில், ஒரு முடிவுக்குள் இருக்கும் ஒவ்வொரு நிபந்தனையும் தனியாக அந்த முடிவை மாற்றுகிறது என்று சோதித்துக் காட்டுவதும் அடக்கம். அந்த மாணவர்கள் எழுதிய புரோகிராம் ஓடியது. ஆனால் எந்த வரி எந்தத் தேவைக்காக எழுதப்பட்டது என்று கேட்டால் காட்ட ஒரு தாள் இல்லை.

அப்புறம் பெட்டியின் உடம்பு. விமானக் கருவிகள் சூழலைத் தாங்குமா என்று பார்க்கும் டி.ஓ.-160 சோதனைகளில் ஹெலிகாப்டர் அதிர்வுக்குத் தனி வகையே உண்டு. இறக்கை விமானத்துக்குப் பாஸான பெட்டி, ரோட்டர் குலுக்கலில் தோற்றுப்போகலாம். மின்னல், ரேடார் அலை, ஈரப்பதம் எல்லாம் உண்டு. உப்புப் பனிச் சோதனையில் 5% உப்புக் கரைசலை 35 டிகிரியில் தூவுவார்கள். 35 டிகிரி கடலூருக்குச் சித்திரையில் சாதாரணம் என்பது வேறு விஷயம்.

இதையெல்லாம் தாண்டிய பெட்டிக்கு டி.எஸ்.ஓ. என்ற அங்கீகாரம் கிடைக்கும். பலர் இதோடு வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். டி.எஸ்.ஓ. அந்தப் பெட்டிக்கு மட்டும்தான். அதை உங்கள் ஹெலிகாப்டரில் மாட்ட எஸ்.டி.சி. என்ற தனிச் சான்று வேண்டும், அதுவும் அந்த மாடலின் பெயரோடு. காரணம், மாட்டும் இடம் எல்லாவற்றையும் மாற்றிவிடும். திசை காட்டும் காந்த உணரியை எடுத்துக்கொள்ளுங்கள். இரும்பும் கரண்ட் ஒயரும் இல்லாத இடம் தேடி, பெரும்பாலும் வால் பகுதியில் பொருத்துவார்கள். பிறகு ஒருவர் காக்பிட்டில் உட்கார்ந்து திரையில் திசை எண்ணைப் பார்த்துக்கொண்டே ஒவ்வொரு சுவிட்சாகப் போடுவார்: லேண்டிங் லைட், பிட்டாட் ஹீட்டர் (வேகமானிக்குக் காற்றெடுக்கும் குழாயைச் சூடாக்குவது), பம்ப். பெடலையும் மிதித்துப் பார்ப்பார். ஏதோ ஒரு சுவிட்சுக்கு எண் சில டிகிரி நகர்ந்தால் உணரியின் இடம் சரியில்லை, திரும்பவும் ஆரம்பம்.

சரி, எஸ்.டி.சி.யும் கிடைத்துவிட்டது. ஆனாலும் அது வி.எஃப்.ஆர்.-க்கு மட்டும்தான் என்று இருக்கலாம், அதாவது வெளியே பார்த்துப் பறக்க. திரை அணைந்தால் விமானி ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொள்வார் என்ற கணக்கில், கோளாறின் விளைவை அங்கே குறைவாக மதிப்பிட முடியும். சின்ன ஹெலிகாப்டர்களுக்கான எஸ்.டி.சி. பல இந்த வகைதான். திரையிலோ மலை, கடல், ஓடுதளம் எல்லாம் முப்பரிமாணத்தில் ஜொலிக்கும். படம் ஐ.எஃப்.ஆர். (கருவிகளை மட்டும் நம்பிப் பறப்பது), பத்திரம் வி.எஃப்.ஆர். மூட்டத்துக்குள் கொஞ்ச தூரம்தானே என்று நுழையத் தூண்டுவது இந்தப் பொருத்தமின்மைதான். 2020 ஜனவரியில் கலிஃபோர்னியாவில் ஒன்பது பேர் இறந்த எஸ்-76பி ஹெலிகாப்டர் விபத்தில் கருவிகளுக்குக் குறைவில்லை, வி.எஃப்.ஆர். பறப்பு மேகத்துக்குள் போனது, விமானிக்குத் திசையுணர்வு தவறியது.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். எல்லாவற்றுக்கும் நூறு கோடியில் ஒன்று என்று கேட்டால் சின்ன ஹெலிகாப்டர்காரர் எதையும் மாட்டாமல் பழைய ஜைரோவோடே பறப்பார். அதனால்தான் எஃப்.ஏ.ஏ. 2017-இல் சிறிய வகை ஹெலிகாப்டர்களை நான்கு வகுப்பாகப் பிரித்து, அவற்றிலும் சிறியவற்றுக்கு அளவுகோலைத் தளர்த்தியது. எனக்கு அது சரியான முடிவாகவே படுகிறது.

மூன்றாவது, ஆலையிலிருந்தே திரையோடு வரும் ஹெலிகாப்டர். 3,175 கிலோவுக்கு மேல், அல்லது ஒன்பது பயணிகளுக்கு மேல் என்றால் பெரிய வகைக்கான பகுதி 29 விதி. இங்கே திரை, ஆட்டோபைலட், எஞ்சின் தகவல் எல்லாம் ஒரே அமைப்பாகச் சான்று பெறும். இரண்டு சாய்வு உணரிகளும் வேறுபட்டால் திரையே எச்சரிக்கும். ஜெனரேட்டர்கள் மொத்தமும் போனாலும் குறைந்தது 30 நிமிடம் ஓடும் தனி ஸ்டாண்ட்பை (மாற்று) சாய்வுமானியும் உண்டு.

பலவீனம் இல்லாமல் இல்லை. எல்லாத் திரையிலும் ஒரே சாஃப்ட்வேர் என்றால் ஒரே பிழை எல்லாவற்றையும் சேர்த்துக் கவிழ்க்கலாம். ஸ்டாண்ட்பை வேறு வடிவமைப்பாக இருந்தால்தான் நிம்மதி. சான்றால் அடைக்க முடியாத ஓட்டை மனிதக் கண். 2013 ஆகஸ்டில் ஸ்காட்லாந்தின் சம்பர்க் அருகே 18 பேருடன் இறங்கிக்கொண்டிருந்த சூப்பர் பூமா ஹெலிகாப்டரில் திரைகள் நன்றாகவே வேலை செய்தன. வேகம் குறைந்துகொண்டே போனதை விமானிகள் இருவரும் கவனிக்கவில்லை. நான்கு பேர் இறந்தார்கள்.

என் தேர்வு இது. காரைக்கால் பக்கம் கடலில் எண்ணெய் மேடைக்கு ஆள் ஏற்றிப் போவது என்றால் மூன்றாவது மட்டும்தான், பேரம் இல்லை. 2011 டிசம்பரில் தானே புயல் கடலூரைப் புரட்டிப்போட்ட மாதிரி சமயங்களில், பகலில் சேதம் பார்க்கப் போகும் சின்ன ஹெலிகாப்டருக்கு இரண்டாவது. ஆனால் பழைய வேகமானியையும் உயரமானியையும் கழற்றாமல் ஓரத்தில் விட்டுவைக்க வேண்டும். முழங்காலில் கட்டிய டேப்லட் வரைபடத்துக்குச் சரி, சாய்வு பார்க்க வேண்டாம்.

வாங்குகிறவர் பளபளப்பைப் பார்ப்பதற்கு முன் எஸ்.டி.சி.யில் தன் மாடல் பெயர் இருக்கிறதா, டிஜிசிஏ அதை ஏற்றிருக்கிறதா, பறப்புக் கையேட்டின் இணைப்பில் வி.எஃப்.ஆர். மட்டும் என்று ஒரு வரி ஒளிந்திருக்கிறதா என்று பார்க்கட்டும். ஸ்டாண்ட்பை பேட்டரியைக் கடைசியாக எப்போது லோடு போட்டுச் சோதித்தார்கள் என்றும் கேட்கட்டும்; நம் கரையோர வெயிலில் பேட்டரிகள் சீக்கிரம் கிழடு தட்டும்.