நூலும் பூனையும் ஒரே அறையில்: கேரவன் விடுமுறையின் நான்காண்டு அனுபவம்

காரின் பின்னால் இழுத்துச் செல்லும் சிறிய கேரவன் ஒன்றை வாங்கி நான்கு ஆண்டுகள் நிறைவடைந்துவிட்டன. இந்தக் காலத்தில் ஏறக்குறைய 160 இரவுகளை அதில் கழித்திருக்கிறேன். மிளகு என்னும் என் கறுப்புப் பூனையும், பாதியில் நிற்கும் ஏதேனும் ஒரு கிராஸ் ஸ்டிட்ச் வேலையும் (துணியில் சிறு பெருக்கல்குறிகளாகத் தைத்துப் படம் உருவாக்கும் பூத்தையல்) உடன் இல்லாமல் அவற்றுள் ஓர் இரவுகூடக் கழிந்ததில்லை. கேரவனைப் பற்றியும், பூனையுடன் பயணம் செய்வதைப் பற்றியும், பூத்தையலைப் பற்றியும் தனித்தனியாக எழுதுவோர் பலர் உண்டு. மூன்றும் ஒரே சிறிய அறைக்குள் சேரும்போது எவை ஒத்துவருகின்றன, எவை ஒத்துவருவதில்லை என்பதைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

முதல் ஆண்டில் நான் செய்த பெரிய தவறு, அடிக்கடி இடம் மாறியது. பதினான்கு நாள் விடுமுறையில் ஆறு இடங்களில் தங்கினேன். கேரவனைச் சமதளமாக நிறுத்துவது, மூலைத் தாங்கிகளை இறக்குவது, தண்ணீர் நிரப்புவது, மறுபடி எல்லாவற்றையும் கட்டி அடுக்குவது என்று நாட்கள் போயினவே தவிர, ஊசியைக் கையில் எடுத்த மாலைகள் மிகச் சில. பூனைக்கு அது இன்னும் கடினமாக இருந்தது. பூனை இடத்தோடு ஒட்டி வாழும் உயிர். தன் கன்னத்தை உரசி மணம் பதித்த இடமே அதற்குச் சொந்த இடம். கேரவன் மாறாவிட்டாலும், வெளியே கேட்கும் ஓசையும் உள்ளே வரும் வாசனையும் மாறிக்கொண்டே இருந்ததால் மிளகு பெரும்பாலான நேரத்தைக் கட்டிலுக்கு அடியில் உள்ள பெட்டியறையிலேயே கழித்தது. இப்போது அதே பதினான்கு நாட்களுக்கு இரண்டே இடங்கள். முதல் இரண்டு நாட்கள் பதுங்கியிருந்துவிட்டு, மூன்றாம் நாள் காலையில் அது தானாகவே முன்ஜன்னல் திண்டுக்கு வந்து படுத்துக்கொள்கிறது. என் தையலும் அன்றுதான் உண்மையில் தொடங்குகிறது. அதன் போர்வையைப் பயணத்துக்கு முன் துவைக்காமல், அதன் மணத்தோடு அப்படியே எடுத்துச் செல்வதும் இந்தப் பழக்கத்தை விரைவுபடுத்தியது.

இடம் மாறும் நாட்களில் பூனை கேரவனுக்குள் இருக்கக் கூடாது. இழுத்துச் செல்லப்படும் கேரவனில் ஆட்கள் பயணம் செய்வதைப் பல நாடுகளின் சட்டங்கள் தடுக்கின்றன. விலங்குக்கும் அது பாதுகாப்பான இடம் அன்று. மிளகு காரின் பின்னிருக்கையில், பெல்ட்டால் இறுகக் கட்டிய கூண்டுப் பெட்டியில் வருகிறது. புறப்படுவதற்குச் சில மணி நேரம் முன்பே உணவை நிறுத்திவிட்டால் வழியில் வாந்தி எடுப்பது குறைகிறது. கேரவனைப் பொறுத்தவரை, கனமான பொருட்களை அச்சுக்கு மேலே தரையோடு வைக்க வேண்டும். பின்பகுதியில் பாரம் ஏறினால் ஓட்டத்தில் கேரவன் பாம்பு போல நெளியத் தொடங்கும். என் நூல் பெட்டி கனமற்றது என்றே நினைத்திருந்தேன். துணிச் சுருள், விளக்கு, துணியை இழுத்துக் கட்டும் சட்டம், வடிவப் புத்தகங்கள் எல்லாம் சேர்ந்து எடைபோட்டபோது 11 கிலோ இருந்தது. அன்றே அதைப் பின் அலமாரியிலிருந்து நடுத்தரைக்கு மாற்றினேன்.

இனி நூலைப் பற்றி. இந்த நான்கு ஆண்டுகளில் நான் கற்றவற்றுள் முக்கியமானது இதுதான்: பூனை இருக்கும் கேரவனில் மிகவும் ஆபத்தான பொருள் எரிவாயு சிலிண்டர் அன்று, நூல். சிலிண்டருக்கு எச்சரிக்கைக் கருவி உண்டு, வால்வு உண்டு. நூலுக்கு எதுவும் இல்லை. பூனையின் நாக்கில் உள்ள சிறு முட்கள் பின்னோக்கி வளைந்தவை. வாயில் அகப்பட்ட நூலை அதனால் எளிதாகத் துப்ப முடியாது, விழுங்கிக்கொண்டே போகும். நூலின் ஒரு முனை நாக்கின் அடியிலோ இரைப்பையின் வாயிலிலோ சிக்கிக்கொண்டால், குடல் மற்ற முனையை இழுத்து இழுத்துத் தானே மடிப்பு மடிப்பாகச் சுருங்கிவிடுகிறது. இறுகிய நூல் குடற்சுவரை அறுக்கவும் கூடும்.

இது இரண்டாம் ஆண்டில் எனக்கு நேர்ந்தது. மாலையில் வேலையை அப்படியே மேசையில் விட்டுவிட்டுத் தண்ணீர் பிடிக்கப் போனேன். திரும்பியபோது ஊசியிலிருந்து உருவப்பட்ட சிவப்பு நூல் ஒன்றைக் காணவில்லை. கீழே விழுந்திருக்கும் என்று எண்ணித் தேடுவதை விட்டுவிட்டேன். மறுநாள் மிளகு இருமுறை வாந்தி எடுத்தது. அதற்கு அடுத்த நாள் உணவைத் தொடவில்லை. கால்நடை மருத்துவர் வாயைத் திறந்து பார்த்தபோது நாக்கின் அடியில் சிவப்பாக ஓர் இழை தெரிந்தது. அதைப் பிடித்து இழுத்திருந்தால் குடல் கிழிந்திருக்கலாம் என்றும், வாயிலோ ஆசனவாயிலோ நூல் தெரிந்தால் ஒருபோதும் இழுக்கக் கூடாது, உடனே அழைத்து வர வேண்டும் என்றும் அவர் சொன்னார். அறுவை சிகிச்சை நடந்தது, மிளகு பிழைத்துக்கொண்டது. அந்த விடுமுறையின் மீதி நாட்களில் நான் ஊசியைத் தொடவில்லை. தைப்பதையே விட்டுவிடலாமா என்றுகூட எண்ணினேன்.

விடாமல் தொடர்வதற்கு நான் ஏற்படுத்திக்கொண்ட ஒழுங்கு இது. பயணத்தில் ஐந்து ஊசிகளுக்கு மேல் வைத்துக்கொள்வதில்லை. எழுந்திருக்கும் ஒவ்வொரு முறையும் ஐந்தையும் எண்ணுகிறேன். தையலின் நடுவே ஊசியை வைக்க, துணியின் முன்னும் பின்னும் ஒட்டிக்கொள்ளும் சிறு காந்தம் ஒன்று போதும். நூலை 45 சென்டிமீட்டருக்கு மேல் வெட்டுவதில்லை. நீள நூல் முறுக்கிக்கொள்ளும், துணியில் பலமுறை உரசி நைந்துபோகும் என்பது தைப்பவர் அனைவருக்கும் தெரியும். தொங்கும் வால் குட்டையாக இருந்தால் பூனையின் கண்ணில் படுவதும் குறைவு என்பது எனக்குக் கூடுதல் காரணம். வெட்டிய துணுக்குகளைத் திருகு மூடி உள்ள கண்ணாடிப் புட்டியில் அப்போதைக்கு அப்போதே போடுகிறேன், குப்பைத் தொட்டியில் போடுவதில்லை. கேரவனின் குப்பைத் தொட்டி பூனையின் மூக்குயரத்தில்தான் இருக்கிறது. ஒரு நிமிடம் எழுந்தாலும் வேலை முழுவதும் தாழ்ப்பாள் உள்ள பெட்டிக்குள் போய்விடும். வீட்டில் என்றால் கதவைச் சாத்திவிடலாம். ஒரே அறையான கேரவனில் அந்தப் பெட்டியின் மூடிதான் கதவு. இந்த ஒழுங்கைத் தொடங்கிய பிறகு ஓர் இழைகூடக் காணாமற்போகவில்லை.

தையலுக்கு வேண்டிய வெளிச்சத்தைக் கேரவன் வியக்கத்தக்க அளவில் தருகிறது. நிலநடுக்கோட்டுக்கு வடக்கே பயணம் செய்பவன் என்பதால், இயன்ற இடங்களில் பெரிய முன்ஜன்னல் வடக்கு நோக்கும்படி நிறுத்துகிறேன். நேர் வெயில் அதிகம் விழாத, நாள் முழுவதும் பெரிதாக மாறாத ஒளி கிடைக்கிறது. தெற்கு அரைக்கோளத்தில் இருப்போர் தெற்கு நோக்கி நிறுத்த வேண்டும். வலக்கையால் தைப்பவருக்கு ஒளி இடப்பக்கத்திலிருந்து வர வேண்டும் என்பதால், திண்டில் அமரும் மூலையும் அதற்கேற்ப முடிவாகிவிடும். கட்டம் கட்டமாக நெய்த 14 எண் ஐடா துணியில் ஓர் அங்குலத்துக்கு 14 தையல்கள், அதாவது ஒரு சதுர அங்குலத்துக்கு 196 தையல்கள். பகலில் அது கண்ணை வருத்துவதில்லை. இரவில் விளக்கு வேண்டும். முதலில் வாங்கிய விளக்கின் ஒளியில் இருவேறு பச்சை நூல்கள் ஒன்றுபோலத் தெரிந்து, காலையில் பார்த்தபோது ஓர் இலை முழுவதையும் பிரிக்க வேண்டியிருந்தது. நிறங்களை உள்ளபடி காட்டும் அளவு, அதாவது சி.ஆர்.ஐ., 90க்கு மேல் உள்ள எல்.இ.டி. விளக்கை வாங்கிய பின் அந்தத் தொல்லை பெரிதும் நீங்கியது. டி.எம்.சி. போன்ற நிறுவனங்களின் நூல்களில் நிறங்கள் 500 வரை இருக்கும்போது, அடுத்தடுத்த இரு எண்களைப் பிரித்தறிய இப்போதும் பகலொளியையே நம்புகிறேன்.

மின்சாரத்தைப் பற்றி வீணாகக் கவலைப்பட்டிருக்கிறேன். 12 வோல்ட் மின்கலத்தில் 5 வாட் விளக்கு ஏறக்குறைய 0.4 ஆம்பியர்தான் எடுக்கிறது. மூன்று மணி நேரம் தைத்தாலும் 1.25 ஆம்பியர் மணியே செலவு. 100 ஆம்பியர் மணி ஈய அமில மின்கலத்தைப் பாதிக்கு மேல் தீர்க்காமல் வைப்பது அதன் ஆயுளுக்கு நல்லது; அந்தப் பாதியிலும் இது ஒரு சிறு துளி.

ஈரப்பதத்தின் மீதுதான் அந்தக் கவலை போயிருக்க வேண்டும். மூடிய சிறு அறையில் ஒரு மனிதரும் ஒரு பூனையும் இரவு முழுவதும் மூச்சுவிட்டால் காலையில் ஜன்னல்கள் வியர்த்திருக்கும். முதல் குளிர்காலத்தில், கேரவனை நிறுத்திவைத்த மூன்று மாதமும் ஊசியைத் துணியிலேயே குத்திவைத்திருந்தேன். எடுத்துப் பார்த்தபோது துருக்கறை படிந்திருந்தது, இன்றுவரை போகவில்லை. இப்போது விடுமுறை முடிந்ததும் எல்லாமே வீட்டுக்குள் வந்துவிடுகின்றன. பயணத்தின்போது துணியைப் பருத்திப் பையிலும், ஊசிகளைச் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு சிறு டப்பாவிலும் வைக்கிறேன். தைக்கும்போது துணியை இறுக்கிப் பிடிக்கும் வளையத்தை ஒவ்வொரு இரவும் கழற்றிவிடுகிறேன், இல்லாவிட்டால் ஈரக்காற்றில் அதன் தடம் துணியில் ஆழப் பதிந்துவிடுகிறது. குளிருக்காகத் தரையிலும் சுவரிலும் உள்ள நிலையான காற்றுத் துளைகளை யாரும் அடைக்கக் கூடாது. கசியும் எரிவாயு வெளியேறவும், நல்ல காற்று உள்ளே வரவும் அமைந்தவை அவை. பூனையின் முடி அவற்றின் வலையில் படிவதை மூன்றாம் ஆண்டில்தான் கவனித்தேன். ஒவ்வொரு பயணத்துக்கு முன்னும் துடைக்கிறேன். அதே முடி வெள்ளைத் துணியிலும் படிகிறது. ஒட்டும் உருளையால் எடுத்துவிடலாம் என்பதால் அதை ஒரு குறையாக நான் கருதவில்லை.

கதவில் கவனம் தேவை. வலைக்கதவைப் பூட்டும் பழக்கம் வரும்வரை மிளகு இருமுறை வெளியே நழுவியது. இருமுறையும் கேரவனுக்கு அடியிலேயே கிடைத்தது. பூனையின் தோலுக்கடியில் உள்ள 15 இலக்க அடையாளச் சிப்பின் பதிவில் இப்போதைய தொலைபேசி எண் உள்ளதா என்பதைப் புறப்படும் முன் சரிபார்த்துக்கொள்வது நல்லது. வெயிலைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும். வெளியே 22 முதல் 36 டிகிரி வரை இருந்த நாட்களில், நிறுத்திவைத்த காருக்குள் ஒரு மணி நேரத்தில் சராசரியாக 22 டிகிரி செல்சியஸ் ஏறியதாகவும், அதில் ஐந்தில் நான்கு பங்கு முதல் அரைமணி நேரத்திலேயே ஏறியதாகவும், ஜன்னலைச் சிறிது திறந்துவைத்ததால் பெரிய வேறுபாடு இல்லை என்றும் 2005இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. இதைப் படித்த பிறகு வழியில் எங்கும் பூனையைக் காரில் தனியே விட்டுச் சென்றதில்லை. கேரவனிலும் வெப்பநிலையைக் கைபேசிக்கு அனுப்பும் வெப்பமானி இல்லாமல் வெயில் நாளில் வெளியே போவதில்லை.

இப்போது கையில் இருப்பது அகலத்தில் 140, உயரத்தில் 182 தையல்கள் கொண்ட ஒரு கடற்கரைக் காட்சி; முடிந்தால் 10 அங்குல அகலமும் 13 அங்குல உயரமும் இருக்கும். வானம் முடிந்துவிட்டது, மணல் பாதியில் நிற்கிறது. கேரவனில் ஒரு நல்ல நாளில் முந்நூறு தையல்கள் போடுகிறேன். வீட்டில் ஒரு வாரத்துக்கும் அவ்வளவு போடுவதில்லை. விளக்கின் மேசைக் கால் பூனை தாவும்போதெல்லாம் ஆடுவதால், அடுத்த பயணத்துக்கு முன் அதைச் சுவரில் திருகிப் பொருத்த வேண்டும். அதற்கான துளைகளை நேற்றுக் குறித்து வைத்திருக்கிறேன்.