ஹெட் கேஸ்கட் போயிருச்சு என்று சொன்னால் உடனே தலையாட்டாதீர்கள்

பழைய கார் வைத்திருப்பவர்கள், அதிலும் வீட்டுப் பெரியவர்கள் தனியாக வண்டியை ஒர்க்‌ஷாப்புக்கு எடுத்துப்போகிற வீடுகளில் இருப்பவர்கள், இதைப் பொறுமையாகப் படியுங்கள். எஞ்சின் சூடேறுகிறது என்று போய், 600 ரூபாயில் முடிந்திருக்க வேண்டிய வேலைக்கு நாங்கள் 24,500 ரூபாய் கட்டினோம். கட்டிய பிறகும் கோளாறு அப்படியே இருந்தது.

எங்களுடையது 2009 மாடல் மாருதி ஆல்ட்டோ. அப்பா வாங்கிய வண்டி. 2024-இல் 15 வருடம் முடிந்தபோது விற்றுவிடலாமா என்று பேச்சு வந்தது. அப்பா சம்மதிக்கவில்லை. ஆர்டிஓ அலுவலகத்தில் வண்டியைக் காட்டி, 5,000 ரூபாய் கட்டணமும் பசுமை வரியும் கட்டி ஐந்து வருடத்துக்குப் பதிவைப் புதுப்பித்தோம். 1,12,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது. மதுரைக்குள் மார்க்கெட், ஆஸ்பத்திரி, கோயில் என்று போய்வர அது போதும்.

போன சித்திரைத் திருவிழாவுக்கு முந்தைய வாரம் அப்பாவும் நானும் தல்லாகுளத்திலிருந்து வந்துகொண்டிருந்தோம். கோரிப்பாளையத்தில் அப்போது பாலம் வேலை நடந்துகொண்டிருந்ததால் சாதாரண நாளிலேயே நெரிசல். திருவிழாக் கூட்டம் வேறு. சிக்னலில் கால் மணி நேரம் நின்றிருப்போம். டெம்பரேச்சர் முள் மெதுவாக ஏறி சிவப்புக் கோட்டைத் தொட்டுவிட்டது. ஓரமாக நிறுத்தி, பானெட்டைத் திறந்து வைத்து, அரை மணி நேரம் கழித்துத்தான் எடுத்தோம். அதற்கு முந்தைய வாரம்தான் மாட்டுத்தாவணி தாண்டி ரிங் ரோட்டில் நாற்பது கிலோமீட்டர் ஓட்டியிருந்தேன். அப்போது முள் நடுவில் அசையாமல் நின்றது. நெரிசலில் ஏறுகிறது, ஓட்டத்தில் ஏறவில்லை என்ற இந்த ஒரு விஷயத்திலேயே பாதி விடை இருக்கிறது. எனக்கு அது அன்றைக்குத் தெரியவில்லை.

எப்போதும் பார்க்கும் மெக்கானிக் ஊரில் இல்லை. அதனால் வீட்டுக்குப் பக்கத்தில் புதிதாகப் பெயிண்ட் அடித்த ஒரு பெரிய ஒர்க்‌ஷாப்பில் விட்டோம். பெயரை இங்கே எழுதவில்லை. புகார் நடந்துகொண்டிருக்கிறது.

அங்கே நடந்ததைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் நாங்கள் ஏமாந்த இடம் அதுதான். எஞ்சினை ஓடவிட்டுச் சூடேற்றினார்கள். பிறகு நிறுத்தி, ஈரச் சாக்கைப் போட்டு ரேடியேட்டர் மூடியை மெதுவாகத் திறந்தார்கள். உள்ளே தண்ணீர் குமிழ் குமிழாகப் பொங்கியது. “பாருங்க சார், கேஸ் வருது. கம்ப்ரஷன் தண்ணில கலக்குது. ஹெட் கேஸ்கட் போயிருச்சு” என்றார் அங்கிருந்தவர். எஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டுக்கும் கீழே உள்ள பிளாக்குக்கும் நடுவில், கேஸும் தண்ணீரும் கலக்காமல் அடைக்கும் தகடுதான் ஹெட் கேஸ்கட். கண்ணால் பார்த்துவிட்டோம், அப்புறம் என்ன சந்தேகம்? அப்பாவும் தலையாட்டினார், நானும் தலையாட்டினேன். “பன்னெண்டாயிரத்துக்குள்ள முடிச்சிரலாம்” என்றார். எதையும் எழுதி வாங்கவில்லை.

அந்தக் குமிழ் எதையும் நிரூபிக்காது என்பதைப் பிறகுதான் கற்றுக்கொண்டேன். ரேடியேட்டர் மூடி ஏறத்தாழ 0.9 பார் அழுத்தத்தை உள்ளே பிடித்து வைக்கிறது. அந்த அழுத்தத்தில் தண்ணீர் 120 டிகிரியை நெருங்கும்வரை கொதிக்காது. சூடேறிய எஞ்சினில் மூடியைத் திறந்தால் அழுத்தம் இறங்கிவிடும், 100 டிகிரிக்கு மேல் இருக்கும் தண்ணீர் அந்த நொடியே கொதிக்கும். கேஸ்கட் நன்றாக இருக்கும் வண்டியிலும் இதே குமிழ்தான் வரும். இது ஆபத்தான வேலையும்கூட. முகத்தில் அடித்தால் வெந்துபோகும். வீட்டில் யாரும் சூட்டோடு அந்த மூடியைத் தொட வேண்டாம்.

கேஸ்கட்டைச் சோதிக்க வேண்டுமென்றால் ராத்திரி முழுக்க நின்று ஆறிய வண்டியில்தான் சோதிக்க வேண்டும். காலையில் மூடியைத் திறந்து வைத்து, தண்ணீர் கழுத்துவரை இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஸ்டார்ட் செய்ய வேண்டும். தண்ணீர் இன்னும் சூடாகாமல் இருக்கும்போதே விடாமல் குமிழ் வந்தால் அது கேஸ்கட்டாக இருக்கலாம். ஆயில் டிப்ஸ்டிக்கில் பால் கலந்த காப்பி நிறம் தெரிகிறதா, சைலன்சரில் எஞ்சின் சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்காமல் வருகிறதா, வெளியே எங்கேயும் ஒழுகாமல் கூலன்ட் குறைகிறதா என்றும் பார்க்க வேண்டும். ஒவ்வொரு சிலிண்டரிலும் கம்ப்ரஷன் கேஜ் போட்டுப் பார்த்தால் இன்னும் தெளிவாகத் தெரியும். எங்கள் வண்டியில் இதில் ஒன்றுகூட இல்லை. அவர்கள் ஒன்றையும் பார்க்கவும் இல்லை.

மூன்றாம் நாள் போன் வந்தது. ஹெட்டைக் கழற்றிவிட்டார்களாம், லேத்துக்கு அனுப்பி ஃபேசிங் போட வேண்டுமாம், அதாவது அதன் அடிப்பரப்பைச் சமமாகச் சீவ வேண்டுமாம். ஐந்தாம் நாள் ரேடியேட்டர் அடைத்துவிட்டது, புதுசு போட வேண்டும் என்றார்கள். ஏழாம் நாள் வாட்டர் பம்ப், அதோடு எஞ்சின் வால்வுகளை இயக்கும் டைமிங் பெல்ட். “கழட்டினதோட மாத்திரலாம் சார், தனியா பண்ணா இன்னொரு லேபர் ஆகும்.” ஒவ்வொரு போனுக்கும் சரி, சரி என்றுதான் சொன்னேன். வேறு என்ன செய்ய முடியும்? ஹெட்டைக் கழற்றிப் போட்ட வண்டியை அங்கிருந்து எங்கே தூக்கிக்கொண்டு போவது? வண்டியைப் பிரித்துப் போட்டுவிட்டால் பேரம் பேசும் இடத்தில் நாம் இல்லை. அதனால்தான் சொல்கிறேன், கேள்வி கேட்பதாக இருந்தால் ஒரு போல்ட்டைக்கூடத் தளர்த்துவதற்கு முன்னால் கேட்டுவிடுங்கள்.

பன்னிரண்டு நாள் கழித்து வண்டி வந்தது. கேஸ்கட் செட் 2,400, ஃபேசிங் 1,500, ரேடியேட்டர் 4,800, வாட்டர் பம்ப் 1,900, டைமிங் பெல்ட்டும் டென்ஷனரும் 2,600, கூலன்ட் 900, ஆயிலும் ஃபில்டரும் 1,900, லேபர் 8,500. மொத்தம் 24,500. பில் கையால் எழுதியது, ஜிஎஸ்டி எண் இல்லை. அப்பா தன் பென்ஷன் கணக்கிலிருந்து எடுத்துக் கொடுத்தார்.

நான்கு நாள் கழித்து அதே கோரிப்பாளையத்தில் அதே சிக்னலில் முள் மறுபடியும் ஏறியது.

திரும்பப் போனோம். அவர் பானெட்டைக்கூடத் திறக்கவில்லை. “பதினாறு வருஷ வண்டி சார். இதுக்கு மேல செலவு பண்றது வேஸ்ட். வித்துருங்க, நானே ஆள் காட்டுறேன்” என்றார். நாற்பதாயிரம் வரை வாங்கித் தருகிறாராம். என் அப்பா அங்கே ஒன்றும் பேசவில்லை. வீட்டுக்கு வந்ததும், “நான்தான் புடிவாதமா வச்சிருந்தேன்” என்று ஒரு முறை சொன்னார். பணம் போனதைவிட எனக்கு இதுதான் தாங்க முடியவில்லை. வண்டி பழசு என்பது கோளாறுக்குக் காரணம் ஆகாது. எந்தப் பாகம் பழுது என்று கண்டுபிடிக்கத் தெரியாதவர்களும், தெரிந்தும் சொல்ல மனமில்லாதவர்களும் வயதைச் சொல்லித் தப்பிக்கிறார்கள்.

பக்கத்து வீட்டு அண்ணன் ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் அழைத்துப் போனார். வயதானவர், எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுகிறார்கள். நான் ஹெட், கேஸ்கட் என்று ஆரம்பித்ததும் நிறுத்தினார். “அதெல்லாம் அப்புறம் தம்பி. ஓட்டத்துல ஏறுதா, நிக்கும்போது ஏறுதா?” என்று கேட்டார். நிற்கும்போது மட்டும்தான் என்றேன். எஞ்சினை ஓடவிட்டு, பானெட்டைத் திறந்து வைத்து, கையைக் கட்டிக்கொண்டு நின்றார். முள் நடுவைத் தாண்டியது. “ஃபேன பாருங்க” என்றார். ரேடியேட்டர் ஃபேன் சுற்றவே இல்லை.

எஞ்சினை நிறுத்தச் சொல்லிவிட்டு, ஃபேன் கப்ளரைக் கழற்றி, பேட்டரியிலிருந்து நேராக இரண்டு ஒயர் கொடுத்தார். ஃபேன் விர்ரென்று சுற்றியது. மோட்டார் நன்றாக இருக்கிறது, கரன்ட்தான் வரவில்லை. ஃபியூஸைப் பார்த்தார், சரியாக இருந்தது. பெட்டியிலிருந்து ஃபேன் ரிலேயைப் பிடுங்கினார், ஃபேனுக்குக் கரன்ட்டைத் திறந்துவிடும் சுவிட்ச் அது. ஒரு பின் கருகிப் போயிருந்தது, அது உட்காரும் சாக்கெட்டும் பழுப்பேறியிருந்தது. சாக்கெட்டுக்குப் புது டெர்மினல் வைத்து, புது ரிலே போட்டு எஞ்சினைச் சூடேற்றினார். முள் நடுவைத் தாண்டியதும் ‘டிக்’ என்று ஒரு சத்தம், ஃபேன் ஓடியது. முள் இறங்கியது. ரிலேயும் வேலையும் சேர்த்து 600 ரூபாய். இருபது நிமிடம் ஆகியிருக்கும்.

ஓடும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிர்விக்கும். நிற்கும்போது ஃபேன் ஒன்றுதான் துணை. அதனால் நெரிசலில் மட்டும் சூடேறினால் முதலில் ஃபேன், அதன் ரிலே, ஃபியூஸ், ஒயர், டெம்பரேச்சர் சென்சார் என்று இந்த வரிசையில் பார்க்க வேண்டும். மாறாக, நெடுஞ்சாலையில் வேகமாகப் போகும்போது ஏறினால் ரேடியேட்டர் அடைப்பு, திறக்காத தெர்மோஸ்டாட் (ரேடியேட்டருக்குப் போகும் தண்ணீருக்கான வால்வு), வாட்டர் பம்ப் என்று சந்தேகப்படலாம். போர்வெல் தண்ணீரை ஊற்றி ஊற்றி உள்ளே உப்புப் படிந்த ரேடியேட்டர்கள் நம் ஊரில் நிறைய. கூலன்ட்டோடு டிஸ்டில்ட் வாட்டர்தான் கலக்க வேண்டும்.

இதோடு முடிந்தது என்று நினைத்தேன். ஆனால் இப்போது முள் நடுவுக்கே வருவதில்லை, காலை வேளையில் பாதிக்கும் கீழேயே நிற்கிறது. லிட்டருக்கு 17, 18 கொடுத்த வண்டி 14-தான் கொடுத்தது. எங்கள் பழைய மெக்கானிக் ஊரிலிருந்து திரும்பியதும் காட்டினேன். தெர்மோஸ்டாட் இருக்கும் கூட்டைத் திறந்தார், உள்ளே ஒன்றும் இல்லை. கழற்றி எறிந்திருக்கிறார்கள். சூடேறுகிற வண்டிக்கு இது பல இடங்களில் செய்கிற குறுக்கு வழி. தெர்மோஸ்டாட் ஏறத்தாழ 82 டிகிரிவரை மூடியிருந்து எஞ்சினைச் சீக்கிரம் சூடாக்கும், பிறகு திறக்கும். அது இல்லையென்றால் எஞ்சின் எப்போதும் குளிர்ந்தே ஓடும். இன்னும் சூடாகவில்லை என்று நினைத்து வண்டியின் கம்ப்யூட்டர் பெட்ரோலை அதிகமாக விடும். எஞ்சினும் தேயும்.

அப்போதுதான் எனக்குப் புதிதாகப் போட்ட ரேடியேட்டரைப் பார்க்கத் தோன்றியது. அதன் மேல் டேங்கின் இடது மூலையில் எம்-சீல் ஒட்டு இருந்தது. நான்கு வருடத்துக்கு முன்னால் ஒரு சின்ன ஒழுகலுக்கு அப்பா தன் கையால் வைத்த ஒட்டு, அவர் விரல் ரேகையோடு. கழுவி, கறுப்பு ஸ்ப்ரே அடித்து அதையே மாட்டி 4,800 போட்டிருக்கிறார்கள். டைமிங் பெல்ட் கவரையும் திறக்கச் சொன்னேன். உள்ளே பழைய பெல்ட், எழுத்தெல்லாம் அழிந்து, பல்லின் அடியில் கோடு கோடாக வெடிப்பு. ஹெட்டைக் கழற்ற அந்தப் பெல்ட்டை எடுத்தே ஆக வேண்டும். எடுத்து, பார்த்து, அதையே திரும்ப மாட்டியிருக்கிறார்கள். ஓடும்போது அறுந்தால் எஞ்சின் அங்கேயே நின்றுவிடும். அப்பா தனியாக ஓட்டும் வண்டி. இதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

எல்லாவற்றையும் அங்கேயே படம் எடுத்தேன். மெக்கானிக்கிடம் பார்த்ததை எழுதி வாங்கினேன். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பேசிப் புகார் பதிந்தேன். பில் நகல், படங்கள் வைத்து ஒர்க்‌ஷாப்புக்கு ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபால் அனுப்பினேன். ஆறாம் நாள் உரிமையாளரே கூப்பிட்டார். பசங்க பில் மாத்தி எழுதிட்டாங்க என்றார். ரேடியேட்டருக்கும் பெல்ட்டுக்கும் சேர்த்து 7,400 ரூபாயை ஜிபேயில் அனுப்பினார். தேவையே இல்லாமல் ஹெட்டைக் கழற்றிய கூலியைப் பற்றிக் கேட்டதும் போனை வைத்துவிட்டார். அதற்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போடப் போகிறேன். நாம் கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது, பிரச்சினை நடந்து இரண்டு வருடத்துக்குள் போட்டால் போதும், வக்கீல் இல்லாமல் நாமே வாதாடலாம். கையால் எழுதிய பில்தானே என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள். எனக்கு அந்தத் தாள்தான் கைகொடுத்தது.

இனி யாரிடம் வண்டி விட்டாலும் பழைய பாகங்களை டிக்கியில் போட்டுத் தரச் சொல்லிவிடுகிறேன். வேலை தொடங்குவதற்கு முன்பே சொல்கிறேன், அப்போதுதான் பயன். மாற்றப்போகும் பாகத்தின் மேல் பெயிண்ட் மார்க்கரால் ஒரு சின்னப் புள்ளி வைத்துவிடுகிறேன். எஸ்டிமேட்டை வாட்ஸப்பில் எழுத்தாக அனுப்பச் சொல்கிறேன். நல்ல மெக்கானிக் யாரும் இதற்குக் கோபித்துக்கொள்ளவில்லை.

புது பெல்ட்டும் தெர்மோஸ்டாட்டும் போட்டாகிவிட்டது. மைலேஜ் திரும்ப 17-க்கு வந்துவிட்டது. ஆனால் ஹெட்டைக் கழற்றி மாட்டியதில் எஞ்சினின் மேல்மூடியான டாப்பெட் கவர் ஓரத்தில் ஆயில் கசிகிறது. எங்கள் மெக்கானிக் பார்த்துவிட்டு, அந்த ரப்பர் கேஸ்கட்டை மட்டும் மாற்றினால் போதும், ஹெட்டில் கை வைக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை அப்பாவும் நானும் எடுத்துப் போகிறோம்.