டிராப் பண்ட்டா, ஸ்னாப்பா? செட் ஷாட்டில் ஒரு ஃபார்வர்டின் தேர்வு

ஆஸ்திரேலிய ஃபுட்பாலின் முதன்மை லீகான ஏஎஃப்எல்லின் 2008 இறுதிப் போட்டி ஸ்கோரை மெல்பர்னில் இன்றும் மனப்பாடமாகச் சொல்வார்கள். ஜீலாங் 11 கோல், 23 பிஹைண்ட். ஹாதோர்ன் 18 கோல், 7 பிஹைண்ட். நடுவில் நிற்கும் இரண்டு உயரமான கம்பங்களுக்கு இடையே முட்டை வடிவப் பந்தை உதைத்தால் கோல், 6 புள்ளி. அவற்றின் இருபுறமும் உள்ள குட்டைக் கம்பங்களுக்குள் போனால் பிஹைண்ட், 1 புள்ளிதான். ஆக, 34 முறை ஸ்கோர் செய்த ஜீலாங் 89 புள்ளியோடு நின்றது. 25 முறை மட்டுமே ஸ்கோர் செய்த ஹாதோர்ன் 115 எடுத்துக் கோப்பையைத் தூக்கியது. அந்த 23 பிஹைண்டில் கிட்டத்தட்டப் பாதியை ஹாதோர்ன் தடுப்பாட்டக்காரர்களே, 6 புள்ளி போகாமல் தடுக்க, பந்தை வேண்டுமென்று தங்கள் கோல் கோட்டைத் தாண்டித் தள்ளிக் கொடுத்தார்கள் என்பது உண்மைதான். அதற்கு எதிராக அடுத்த பருவத்திலேயே விதி வந்தது. அதைக் கழித்துப் பார்த்தாலும், கோல் அடித்த அளவுக்கு ஜீலாங் தவறவும் விட்டிருக்கிறது. அந்த ஆண்டில் அதுவரை ஒரே ஓர் ஆட்டத்தில் மட்டும் தோற்றிருந்த அணி அது.

ஒரு ஃபார்வர்ட், அதாவது கோல் அடிக்க முன்னால் நிற்பவர், நல்ல ஆட்டத்தில் இருக்கிறாரா என்ற பேச்சு வந்தால், எத்தனை பந்தைப் பிடித்தார் என்பதோடு பிடித்த பந்தை என்ன செய்தார் என்பதையும் சேர்த்தே பேச வேண்டும். 15 மீட்டராவது உதைபட்டு வரும் பந்தை, வேறு யார் கையும் படாமல், தரையில் விழாமல் பிடித்தால் அது மார்க். பிடித்தவரை யாரும் இடிக்கக் கூடாது. கோல் பக்கம் பிடித்திருந்தால் 30 விநாடிக்குள் நிதானமாக உதைக்கலாம். இதுதான் செட் ஷாட். எதிரி ஒருவர் மார்க் எடுத்த இடத்தில் கையை உயர்த்தி நிற்பார். அவரைத் தவிர தடை எதுவும் இல்லை. இவ்வளவு சௌகரியம் இருந்தும் இந்த ஆட்டத்தில் அதிகம் ஏசப்படுவது செட் ஷாட்டைத் தவறவிடுபவர்தான்.

இதை உதைக்க இன்று இரண்டு வழிகள் போட்டி போடுகின்றன: நேராக ஓடி வந்து உதைக்கும் டிராப் பண்ட், உடம்பைத் திருப்பி வளைத்து உதைக்கும் ஸ்னாப். முப்பத்தைந்து வயது கடந்தவர்கள் ஆடும் ஒரு புறநகர் அணியில் நான் ஃபார்வர்டாக நிற்கிறேன். சென்ற குளிர்காலத்தில் இரண்டையும் எடை போட்டு டிராப் பண்ட்டின் பக்கம் போய்விட்டேன். ஆகவே கீழே வருவதை நடுநிலையான தீர்ப்பு என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

மூன்றாவதாக டார்பிடோ இருக்கிறது. நீள வாக்கில் சுழன்று வெகு தூரம் பறக்கும். பார்க்க அழகு, நம்ப முடியாது. ஆட்ட நேரம் முடிந்து சைரன் ஒலிக்கும்போது 60 மீட்டருக்கு அப்பால் நின்றால் தவிர அதைப் பற்றி யோசிக்கத் தேவையில்லை.

தூரத்தைப் பற்றியும் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. டிராப் பண்ட்டில் தேர்ந்த ஆட்டக்காரர்கள் கோலிலிருந்து 50 மீட்டரில் வரைந்திருக்கும் வளைவுக் கோட்டுக்கு வெளியிலிருந்தும் கோல் அடிப்பார்கள். 35 மீட்டரைத் தாண்டி ஸ்னாப்பை நம்பி எடுப்பவர்கள் குறைவு.

ஸ்னாப்புக்கு ஆதரவாகச் சொல்லக்கூடியதில் வலுவானது கோணம். கோல் கம்பங்களுக்கு இடையே 6.4 மீட்டர். நேர் எதிரே நிற்பவருக்கு அது முழுதாகத் தெரியும். நடுக்கோட்டிலிருந்து 45 டிகிரி விலகி நின்றால் கண்ணுக்குக் கிடைப்பது ஏறத்தாழ 4.5 மீட்டர்; 60 டிகிரி விலகினால் சரிபாதி, 3.2 மீட்டர். நேராகப் போகும் பந்து அந்த ஒடுங்கிய வாசலுக்குள்தான் நுழைந்தாக வேண்டும். வளைந்து வரும் பந்துக்கு அந்தக் கட்டாயம் இல்லை. வலது காலால் ஸ்னாப் செய்த பந்து வலமிருந்து இடமாக வளையும். கோலைப் பார்த்து நிற்பவருக்கு இடப்பக்க மூலையிலிருந்து அதை உதைத்தால், கோல் முகத்துக்குக் குறுக்கே கிளம்பிக் கடைசிக் கட்டத்தில் கம்பங்களை நோக்கித் திரும்பும். கோட்டைக் கடக்கும் நேரத்தில் வாசல் அகலமாகிவிடுகிறது. வலப்பக்க மூலையில் நிற்கும், இடது காலால் உதைப்பவருக்கும் இதே வசதி உண்டு. எதிர் மூலையில் நின்றால் பந்தைப் புறமாக வளைக்கும் பனானா உதை வேண்டும். அடிலெய்ட் ஓவலில் ஒரு மூலைக்கே தன் பெயரை வாங்கித் தந்த எடி பெட்ஸைப் போன்றவர்களின் வித்தை அது. நான் அதைத் தொடுவதில்லை.

ஒருகாலத்தில் ஸ்னாப் என்பது நெரிசலில், ஓட்டத்தில், வேறு வழியில்லாதபோது உதைப்பது. நேரம் இருந்தும் நின்று நிதானித்து அதையே உதைக்கும் வழக்கத்தை ஜீலாங்கின் ஸ்டீவ் ஜான்சன் போன்றவர்கள் பிரபலப்படுத்தினார்கள். பயிற்சியாளர்கள் முதலில் முகம் சுளித்தார்கள், பிறகு கணக்குப் பார்த்தார்கள், பிறகு சும்மா இருந்துவிட்டார்கள். இன்று பள்ளிப் பையன்கள்கூட 20 மீட்டரில், ஏறக்குறைய நேர் எதிரே நின்றுகொண்டு ஸ்னாப் உதைக்கிறார்கள். எனக்குக் கோபம் வருவது இங்கேதான். 6.4 மீட்டரும் திறந்து கிடக்கும்போது எதற்கு வளைவு?

என் முடிவைத் தீர்மானித்தது கோணமோ தூரமோ அல்ல. பழுது பார்க்கும் வசதி. எந்த உதையும் ஒரு நாள் கெடும். கெட்டதைக் கண்டுபிடித்துச் சரிசெய்ய முடிகிறதா என்பதுதான் என் கேள்வி.

டிராப் பண்ட்டைப் பகுத்துப் பார்க்கலாம். பந்தை நெட்டுக்குத்தாக, தையல் கயிறு முன்னோக்கி இருக்கும்படி பிடிக்கிறீர்கள். விரல்கள் இருபுறமும் விரிந்திருக்கும். ஓடி வந்து கடைசி எட்டு வைக்கும்போது இடது கை விலகிவிடும். வலது கை மட்டும் பந்தைக் கீழே கொண்டுபோய், இடுப்புக்குக் கீழே, வலது தொடைக்கு நேர் முன்னால் விடும். கைக்கும் காலுக்கும் இடையே பந்து தனியாக இருக்கும் நேரம் கண் இமைக்கும் பொழுதுதான். கோலும் பிஹைண்டும் பெரும்பாலும் அங்கேயே முடிவாகிவிடுகின்றன. கை விலகும்போது மணிக்கட்டு சற்றே உட்பக்கம் திரும்பினால் பந்தின் கீழ்முனை சாயும். சாய்ந்த முனையில் கால் பட்டால் பந்து இடப்பக்கம் இழுத்துக்கொண்டு போகும். சரியாக விழுந்த பந்து சைக்கிள் சக்கரத்தைப் பின்னோக்கிச் சுற்றியது போலச் செங்குத்தாகச் சுழன்றுகொண்டு போகும். அந்தச் சுழற்சிதான் அதை நேர்கோட்டில் பிடித்து வைக்கிறது.

இதில் எனக்குப் பிடித்த விஷயம், பிழை வெளியே தெரிவது. பின்னால் நிற்கும் நண்பர் பந்தின் சுழற்சியைப் பார்த்தே “கையிலிருந்து சாய்ந்து விழுந்தது” என்றோ “இடுப்பு திரும்பிவிட்டது” என்றோ சொல்லிவிடுவார். சுழற்சி செங்குத்தாக இருந்தும் பந்து வெளியே போனால், ஓடி வந்த கோடு தவறு. சுழற்சியே தள்ளாடினால் பந்தை விட்ட விதம் தவறு. அடுத்த உதையில் எதை மாற்ற வேண்டும் என்று தெரிந்துவிடுகிறது.

ஸ்னாப்பில் பந்து ஏற்கெனவே சாய்வாகத்தான் பிடிக்கப்படுகிறது, சாய்வாகத்தான் சுழல்கிறது. எவ்வளவு சாய்வு சரி, எவ்வளவு அதிகம் என்று பார்ப்பவருக்குத் தெரியாது. உதைத்தவருக்கும் பல நேரம் தெரியாது. வளைவு அதிகமாகிவிட்டதா, வளையவே இல்லையா என்ற விளைவு மட்டும் கண்ணுக்குத் தெரியும். காரணம் விரலிலா, இடுப்பிலா, பாதத்திலா என்று தேடினால் ஒவ்வொரு முறையும் வேறு பதில் வருகிறது. கை வந்த நாளில் ஸ்னாப்பைப் போல இனிமையான உதை கிடையாது. கை வராத நாளில் அதோடு பேச்சுவார்த்தையே நடத்த முடியாது.

தொழில்முறை ஆட்டக்காரர்களுக்கே பயிற்சியில் எத்தனை முறை உதைக்கலாம் என்பதற்குக் கட்டுப்பாடு உண்டு. தொடைத் தசைக்கும் இடுப்புக்கும் சுமை கூடிவிடும் என்று உடற்பயிற்சிக் குழு கடிகாரத்தோடு நிற்கும். அந்தக் குறைந்த உதைகளை இரண்டு பாணிகளுக்குப் பங்கிட்டால் இரண்டுமே அரைகுறையாகும் அபாயம் இருக்கிறது. வாரத்துக்கு ஒரு மாலை மட்டும் பயிற்சிக்கு வரும் எங்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

கார்ல்டன் அணியின் ஹாரி மெக்கேயை இந்த இடத்தில் நினைத்துக்கொள்கிறேன். இரண்டு மீட்டரைத் தாண்டிய உயரம், இடது கால். 2021இல் 58 கோல் அடித்து, லீக் சுற்றில் அதிக கோல் அடித்தவருக்கான கோல்மன் பதக்கத்தை வாங்கினார். ஸ்னாப்பை அவர் போல விருப்பத்தோடு எடுக்கும் உயரமான ஃபார்வர்டுகள் அதற்கு முன் அபூர்வம். 2023இல் அவருடைய செட் ஷாட் மெல்பர்ன் முழுவதும் பேசும் விவகாரமாகிவிட்டது. மார்க் எடுத்ததும் அரங்கம் ஆரவாரிப்பதற்குப் பதில் எந்த உதையை எடுக்கப் போகிறார் என்று பார்க்கத் தொடங்கியது. இரண்டு வழி கையில் இருப்பவர் அந்த 30 விநாடியில் முதலில் ஒரு தேர்வு செய்தாக வேண்டும். டிராப் பண்ட் ஒன்று தவறினால் அடுத்ததில் ஸ்னாப்புக்குத் தாவலாம், ஸ்னாப் தவறினால் திரும்பி வரலாம். தாவ இடம் இருக்கும்வரை கெட்டது எது என்று யாரும் உட்கார்ந்து பார்ப்பதில்லை. இது பார்வையாளர் வரிசையிலிருந்து நான் படித்துக்கொண்டது. அவருடைய பயிற்சியாளர்கள் வேறு காரணம் சொல்லக்கூடும்.

அதற்கு நேர் எதிர் துருவம் எசண்டனின் மேத்யூ லாய்ட். 270 ஆட்டங்களில் 926 கோல், மூன்று கோல்மன் பதக்கங்கள். காலுறையை இழுத்துவிடுவார், புல்லைக் கிள்ளிக் காற்றில் தூவுவார், அளந்து வைத்த தூரத்திலிருந்து ஓடி வருவார். டாக்லண்ட்ஸ் அரங்கத்தின் கூரையை மூடி, காற்றே இல்லாதபோதும் புல்லைத் தூவினார் என்று கேலி செய்வார்கள். கேலி செய்தவர்களுக்கு விஷயம் புரியவில்லை என்பேன். அவர் சோதித்தது காற்றையா? இல்லை, ஒவ்வொரு முறையும் ஒரே இடத்திலிருந்து ஒரே மனநிலையோடு தொடங்குவதற்கான வழி அது. நார்த் மெல்பர்னிலும் பிறகு மெல்பர்ன் அணியிலும் ஆடிய பென் பிரவுன் எங்கோ தொலைவுக்கு நடந்துபோய், நெடுந்தூரம் ஓடி வந்து உதைப்பார். அதற்கும் சிரித்தார்கள், கோல் விழுந்துகொண்டே இருந்தது.

டிராப் பண்ட் கெடவே கெடாது என்று நான் வாதாடவில்லை. ரிச்மண்டின் மேத்யூ ரிச்சர்ட்சன் 800 கோல் அடித்தவர். ஆனாலும் அவர் செட் ஷாட்டுக்கு ஓடி வரும்போது சொந்த ரசிகர்களே கண்ணை மூடிக்கொள்வார்கள். காலிங்வுட்டின் டிராவிஸ் க்ளோக்கும் பருவக் கணக்கில் தன் உதையோடு மல்லுக்கட்டினார். பழுது தெரிவது ஒன்று, பழுது நீங்குவது இன்னொன்று.

லான்ஸ் ஃபிராங்க்ளின் என் வாதத்துக்குள் அடங்க மறுப்பவர். உதைத்தது டிராப் பண்ட்தான்; ஆனால் நேர்கோட்டில் ஓடி வரமாட்டார். இடப்பக்கம் வளைந்து விலகி ஓடி, அந்த வளைவிலிருந்தே இடது காலால் உதைப்பார். செட் ஷாட் எடுப்பவர் தன் கோட்டை விட்டு விலகினால் ஆட்டம் தொடர்கிறது என்று நடுவர் அறிவிக்கலாம், எதிரி பாய்ந்து வரலாம். ஆகவே அவருடைய வளைவு எதுவரை செல்லும் என்பதே ஒரு தனி விவாதமாக இருந்தது. 2008இல் அவர் அடித்தது 113 கோல், 88 பிஹைண்ட். ஒரு பருவத்தில் நூறைத் தொட்ட கடைசி ஆள் அவர்தான். இந்த எண்களை வைத்துக்கொண்டு அவரைத் துல்லியமானவர் என்று சொல்ல முடியாது, மோசமானவர் என்றும் சொல்ல முடியாது. வாய்ப்பை அள்ளிக் குவித்தார், பாதிக்கு மேல் கோலாக்கினார். 1066 கோல் அடித்தவரிடம் போய் நேராக ஓடு என்று யார் சொல்வது?

ஒரே பாணிதான் வேதம் என்று நினைக்கிற என் போன்றவர்கள் பீட்டர் ஹட்சனையும் மறக்கக் கூடாது. ஹாதோர்னுக்காக 129 ஆட்டங்களில் 727 கோல். 1971இல் மட்டும் 150 அடித்து, 1934இல் பாப் பிராட் வைத்த சாதனையைச் சமன் செய்தார். அவர் உதைத்தது இன்று எந்தப் பயிற்சியாளரும் கற்றுத்தராத பிளாட் பண்ட். பந்தைப் படுக்கை வாக்கில் வைத்து உதைப்பது. ஆனால் அதை மாற்றாமல், எப்போதும் அதையே உதைத்தார். அந்தப் பிடிவாதத்தில் எனக்கு ஓர் ஆதரவு கிடைக்கிறது.

என் நடைமுறைக்கு வருகிறேன். 40 மீட்டருக்குள், 45 டிகிரிக்குள் எங்கே மார்க் எடுத்தாலும் டிராப் பண்ட். அதில் மறு யோசனை இல்லை. இடது மூலையில், எல்லைக் கோட்டுக்கு அருகே, 25 மீட்டருக்குள் மாட்டிக்கொண்டால் மட்டும் ஸ்னாப். அங்கே கோணத்தின் லாபம் மற்ற எல்லாவற்றையும் விழுங்கிவிடுகிறது. இரண்டுக்கும் நடுவே உள்ள பகுதியில் என் அணித்தோழர்கள் ஸ்னாப் உதைத்து என்னைவிட அதிகம் கோல் அடிக்கிறார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அவர்களில் இருவர் இடது காலர்கள். இடது காலர்களுக்கு ஸ்னாப் இயல்பாக வருகிறது என்று தோன்றுகிறது, ஆனால் இருவரை வைத்துச் சட்டம் எழுத முடியாது.

மழை நாளைப் பற்றி உறுதியாகச் சொல்லும் அளவுக்கு எனக்கு அனுபவம் போதாது. ஈரப் பந்து கனக்கும், கையிலிருந்து முன்கூட்டியே நழுவும். டிராப் பண்ட்டின் அந்தக் கடைசி நொடிக் கட்டுப்பாடு முதலில் போய்விடுகிறது. ஸ்னாப்பில் பந்து பூட்டில் அதிக இடத்தில் படுவதால் தாங்கும் என்று பழைய ஆட்டக்காரர்கள் சொல்கிறார்கள், இருக்கலாம். நான் அப்படிப்பட்ட நாளில், கோலுக்கு நேரே ஆளில்லாமல் நிற்கும் தோழர் கண்ணில் பட்டால், அவருக்கே பந்தை உதைத்துவிடுகிறேன். 30 விநாடியில் அதற்கும் இடம் இருக்கிறது.