லேப்டாப்பில் நீலத்திரையா? ‘போர்டு போச்சு’ என்றதும் பணத்தை எடுக்காதீர்கள்

வலங்கைமானில் கல்யாணப் பத்திரிகையும் ஃப்ளெக்ஸும் டிசைன் செய்கிறவன் நான். மார்கழிக் கடைசி, தை முகூர்த்த வேலை தலைக்கு மேல் கிடக்கிற நேரம், பிரஸ்ஸுக்கு பைல் அனுப்பப் போனால் லேப்டாப் நீலத்திரை காட்டிவிட்டு ரீஸ்டார்ட் ஆகிவிடும். ஒரு நாளைக்கு ஆறேழு தடவை. திரையில் ‘டிரைவர் ஐஆர்க்யூஎல் நாட் லெஸ் ஆர் ஈக்வல்’ என்று ஒரு வரி, கூடவே எஸ்ஒய்எஸ் என்று முடிகிற ஏதோ ஒரு பைல் பெயர். ஒன்றும் புரியவில்லை, போனில் படம் மட்டும் எடுத்துக்கொண்டு கும்பகோணத்துக்கு பஸ் ஏறினேன்.

கடைக்காரர் அந்தப் படத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “மதர்போர்டுல ஐசி (சிப்) போயிருச்சுண்ணே, சிப் லெவல் வேலை, 6,500 ஆகும்.” பேரம் பேசி 5,800. மூன்றாம் நாள் அரை மணி நேரம் ஓட்டிக் காட்டினார், ஒரு கோளாறும் இல்லை. பில் கேட்டதற்குத் துண்டுச்சீட்டில் ‘போர்டு சர்வீஸ்’ என்று எழுதிக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து திறந்தால் டெஸ்க்டாப் துடைத்துவிட்ட மாதிரி இருக்கிறது. ஒரு வார்த்தை கேட்காமல் சி டிரைவை ஃபார்மட் அடித்திருக்கிறார். பதினோரு பத்திரிகையின் கோரல்டிரா பைல் போச்சு. பார்ட்டிகளுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிய படங்களைப் பார்த்து முதலிலிருந்து போட்டேன் (குடவாசல் பத்திரிகையில் தாய்மாமன்கள் மட்டும் ஒன்பது பேர்).

நான்காம் நாள் மறுபடி அதே திரை. போன் போட்டால், “அது வேற கம்ப்ளைன்ட்ண்ணே.”

பொங்கலுக்கு வந்த அக்கா மகன்தான் படத்தைப் பார்த்ததும், “மாமா, இது வைஃபை டிரைவரோட பைல்” என்றான். டிரைவர் என்றால் வைஃபை கார்டை விண்டோஸ் இயக்குவதற்கான சின்ன மென்பொருள். வைஃபையை அணைத்து, போனை யூஎஸ்பி வயரில் மாட்டி நெட் ஓட்டினோம். நாள் முழுக்க ஒன்றும் ஆகவில்லை. வைஃபை போட்டுப் பெரிய பைலை ஏற்றினால் பத்து நிமிஷத்தில் விழுகிறது. கடையில் ஏன் விழவில்லை என்பது அப்போதுதான் புரிந்தது: அங்கே வைஃபையில் இணைக்கவே இல்லை! வீட்டில் இணைத்ததும் விண்டோஸ் அப்டேட் அதே டிரைவரை மறுபடி இறக்கிக்கொண்டது.

டிவைஸ் மேனேஜரில் வைஃபை அடாப்டரைத் திறந்து, டிரைவர் டேபில் ‘ரோல் பேக் டிரைவர்’ கொடுத்தான், முந்தைய டிரைவருக்குத் திரும்பிவிட்டது. அவ்வளவுதான் வேலை. அந்தப் பட்டன் மங்கிக் கிடந்தால் லேப்டாப் கம்பெனியின் தளத்தில் மாடல் எண்ணைப் போட்டுப் பழைய டிரைவரை எடுக்கலாம். உள்ளே போவதற்குள் விழுந்தால் ஷிஃப்டை அழுத்தியபடி ரீஸ்டார்ட் கொடுத்து சேஃப் மோடுக்கு (அத்தியாவசிய டிரைவர்கள் மட்டும் ஓடும் நிலை) போக வேண்டும். திரையில் பைல் பெயர் வராவிட்டாலும் சி டிரைவில் விண்டோஸுக்குள் மினிடம்ப் என்ற ஃபோல்டரில் பதிவு இருக்கும், ப்ளூஸ்கிரீன்வியூ என்ற இலவச மென்பொருளில் அதைப் பார்க்கலாம். ஃபார்மட் அடித்தால் அதுவும் சேர்ந்து போய்விடும்.

ரேம் கெட்டாலும் இப்படி விழும், மறுக்கவில்லை. ஆனால் அப்போது பெரும்பாலும் ஒவ்வொரு தடவையும் வேறு வேறு பிழை வரும், எனக்கு வந்ததெல்லாம் ஒரே பைல். 2024 ஜூலையில் ஒரு பாதுகாப்பு மென்பொருளின் அப்டேட்டால் உலகம் பூரா சுமார் 85 லட்சம் கம்ப்யூட்டர் நீலத்திரையில் விழுந்ததே, யாராவது போர்டு மாற்றினார்களா?

அப்புறம் ஒன்று. லேப்டாப்பைத் திருப்பிப் போட்டுப் பார்த்தோம். பின்மூடித் திருகு ஒன்றின் மேல் கம்பெனி ஒட்டிய வட்ட ஸ்டிக்கர் கிழியவே இல்லை. மூடியைக் கழற்றாமலே சிப் லெவல் வேலை! நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் கொடுத்திருக்கிறேன். பில் இல்லை, ஜிபேயில் 5,800 போன தடமும், துண்டுச்சீட்டும், அந்த ஸ்டிக்கரின் போட்டோவும் இருக்கின்றன.