கோவைக்கு அணி இல்லாத காலத்தில் யாருக்குக் கை தட்டுவது: கொச்சி, கோழிக்கோடு, பெங்களூரு, சென்னை

2019 மார்ச் 9 அன்று, வ.உ.சி. பூங்காவை ஒட்டிய கோவை நேரு விளையாட்டரங்கில், சென்னை சிட்டி அணி மினர்வா பஞ்சாபை 3–1 என்று வென்று ஐ-லீக் கால்பந்துப் பட்டத்தைக் கைப்பற்றியபோது நான் கேலரியில் இருந்தேன். தொடக்கத்திலேயே ஒரு கோல் வாங்கி இடைவேளை வரை பின்தங்கியிருந்த அணி, பெட்ரோ மான்சியின் பெனால்டியால் சமன் செய்து, கௌரவ் போரா அடித்த இரண்டு கோல்களால் கரையேறியது. அதே மாலை ஈஸ்ட் பெங்காலும் கோழிக்கோட்டில் கோகுலம் கேரளாவை வென்றுவிட்டதால், 43க்கு 42 என்ற ஒற்றைப் புள்ளி வித்தியாசத்தில்தான் பட்டம் நமக்குக் கிடைத்தது. போராவின் முதல் கோலுக்கு என் தோளைப் பற்றிய பக்கத்து இருக்கைப் பெரியவர், முன்பின் அறியாதவர், இறுதி விசில் வரை பிடியை விடவில்லை. பெயரில் சென்னை இருந்தாலும் அது கோவையின் அணியாகத்தான் இருந்தது.

2021–22 ஐ-லீக்கில் ஆடிய 13 அணிகளில் சென்னை சிட்டி இல்லை. “ஏனுங்க மாமா, இனி நம்ம டீம் வராதுங்களா?” என்று அக்கா மகன் கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. பெருந்தொற்றுக்குப் பிறகு, 2022 அக்டோபரில் ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) ஆட்டங்கள் மறுபடி ஊர் ஊராக ரசிகர்கள் முன்னிலையில் நடக்கத் தொடங்கியதும், அவனையும் அழைத்துக்கொண்டு நான்கு ஊர்களுக்கும் போய்ப் பார்த்துவிட்டே முடிவு செய்வது என்று தீர்மானித்தேன். தொலைக்காட்சியில் பார்ப்பதற்கு எந்த அணியும் போதும். நான் தேடியது நேரில் போய் அமர்ந்து சத்தம் போடவும், மறுநாள் காலை சிங்காநல்லூரில் பட்டறையைத் திறக்கவும் இடம் கொடுக்கும் அணியை.

தூரத்தை மட்டும் பார்த்தால் கொச்சியின் கேரளா பிளாஸ்டர்ஸ் நமக்குப் பக்கத்து வீடு மாதிரி. வாளையாறு தாண்டி, பாலக்காடு, திருச்சூர் வழியாக எர்ணாகுளம் ஏறக்குறைய 190 கிலோமீட்டர். கலூர் அரங்கின் வாசலிலேயே மெட்ரோ நிலையம் இருக்கிறது. ஓடுதளம் குறுக்கே இல்லாததால், கோவையில் நாம் பழகிய தொலைவைவிட ஆட்டம் நெருக்கமாகத் தெரிகிறது. ‘மஞ்ஞப்பட’ ரசிகர்கள் ஒன்றாகக் குதிக்கும்போது காலுக்குக் கீழே கான்கிரீட் அதிர்வதை உள்ளங்காலில் உணர முடிகிறது. அக்கா மகன் பயந்து என் கையைப் பிடித்தவன், அரை மணி நேரத்தில் மலையாளப் பாட்டுக்குத் தாளம் போட ஆரம்பித்துவிட்டான். கோவைக்காரர்களுக்கு மலையாளம் அந்நியமும் இல்லை. ஆனால் 2014, 2016, 2021–22 என மூன்று முறை இறுதி ஆட்டம் வரை வந்து மூன்றிலும் தோற்ற அணி இது. அந்த ஏமாற்றத்தைப் பொறுத்துக்கொள்ளலாம். அதைத் தலைமுறைச் சொத்துபோலச் சுமக்கும் ரசிகர்கள் மீது எனக்கு மதிப்பு கூடத்தான் செய்தது. என்னால் ஏற்க முடியாதது 2023 மார்ச் 3 அன்று பெங்களூரில் நடந்தது. தடுப்பு வரிசை அமைவதற்குள் பெங்களூரு அணியின் சுனில் சேத்ரி ஃப்ரீ கிக்கை வலைக்குள் அனுப்பினார் என்பதற்காக, பயிற்சியாளர் இவான் வுகோமனோவிச் தன் வீரர்களை மைதானத்தைவிட்டு வெளியே அழைத்துக்கொண்டார். அணிக்கு 4 கோடி ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது. நடுவர் மீது கோபம் வரலாம், ஆனால் ஆட்டத்தைப் பாதியில் விட்டுவிட்டுப் போன அணியைச் சிறுவனுக்கு முன்மாதிரியாகக் காட்ட எனக்கு மனம் வரவில்லை.

திரும்பி வருவதும் சிக்கல். இரவு 7.30க்குத் தொடங்கும் ஆட்டம் முடிந்து ரயில் பிடித்தால் நடுநிசி தாண்டிய பொழுதில் இறங்க வேண்டும். போதாததற்கு, சில ரயில்கள் கோவை சந்திப்புக்கு வராமல் போத்தனூர், இருகூர் வழியே ஈரோட்டுக்குப் போய்விடும்.

கோழிக்கோட்டின் கோகுலம் கேரளா, நம் அணி ஆடிய அதே ஐ-லீக்கைச் சேர்ந்தது என்பதாலேயே எனக்கு நெருக்கமாகப்பட்டது. 2019இல் மோகன் பகானை வீழ்த்தி டூரண்ட் கோப்பையை வென்றது. 2020–21, 2021–22 என அடுத்தடுத்து இரண்டு ஆண்டுகள் ஐ-லீக் பட்டத்தையும் வென்றது. வெற்றிக் கணக்கில் குறை சொல்ல எதுவும் இல்லை. ஆயினும் அந்த அரங்கில் அமர்ந்திருந்த நேரமெல்லாம் 2019இன் ஒற்றைப் புள்ளிதான் நினைவில் ஓடியது. பழைய போட்டியாளனைப் புதிய அணியாக ஏற்க நெஞ்சு ஒப்பவில்லை.

பெங்களூரு எஃப்.சி.யின் தகுதி வேறு வகை. 2013இல் தொடங்கி, முதல் ஆண்டிலேயே ஐ-லீக் பட்டம், 2015–16இல் மறுபடியும், 2016இல் ஆசிய அளவிலான ஏ.எஃப்.சி. கோப்பையின் இறுதி, 2018–19இல் ஐ.எஸ்.எல். பட்டம் என்று, திட்டமிட்டு நடத்தப்படும் ஓர் அணி எப்படி இருக்கும் என்பதற்கு இந்தியாவில் இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை. அல்சூர் பக்கம் கௌதமபுரத்தில் பெலேவுக்குச் சிலை வைத்திருப்பவர்களில் பெரும்பாலோர் தமிழ் பேசுபவர்கள். கண்டீரவா அரங்கைச் சுற்றி நின்றால் தமிழ் காதில் விழாமல் இருக்காது. சேத்ரியின் அந்த ஃப்ரீ கிக்கையும் நான் குற்றமாகக் கருதவில்லை, விழித்திருந்தவர் அடித்தார் என்றே எடுத்துக்கொள்கிறேன். தடை பயணம்தான். காலையில் உதய் எக்ஸ்பிரஸில் சுகமாகப் போய்விடலாம், ஆனால் அது பிற்பகலிலேயே பெங்களூரை விட்டுக் கிளம்பிவிடுவதால், ஆட்டம் முடிந்தவன் ஓசூர், தருமபுரி, சேலம் என்று இரவு முழுவதும் பேருந்தில் குலுங்கித்தான் வர வேண்டும். இருமுறை அப்படி வந்தோம். இரண்டு தடவையும் மறுநாள் லேத் முன்னால் கண் சொக்கியது, அந்தத் தொழிலில் அது விளையாட்டான காரியம் இல்லை.

சென்னையின் எஃப்.சி.யைக் கடைசியில் வைத்தேன், ஏனென்றால் ஏறக்குறைய 500 கிலோமீட்டர் என்ற எண் அச்சுறுத்தியது. அந்த எண் ஏமாற்றுகிறது. ஆட்டம் முடிந்து சென்னை நேரு அரங்கிலிருந்து பெரியமேடு வழியாக நடந்தால் சென்ட்ரல். இரவு பத்து மணி வாக்கில் சேரன் எக்ஸ்பிரஸ். படுத்து எழுந்தால் கோவை. நான்கு ஊர்களில் மிகத் தொலைவான இந்த ஊரிலிருந்துதான் முழுத் தூக்கத்துடன் திரும்ப முடிகிறது. 2015இல் கோவாவையும், 2018இல் பெங்களூரை அதன் சொந்த மண்ணிலும் 3–2 என்று வென்று இரண்டு முறை ஐ.எஸ்.எல். கோப்பை வாங்கிய அணி இது. இரண்டாவதில் சேத்ரி முதல் கோல் அடித்த பிறகும் மீண்டு வந்தார்கள். அதற்குப் பின் 2019–20 இறுதியில் கொல்கத்தாவின் ஏ.டி.கே.யிடம் தோற்றார்கள். ஓடுதளம் குறுக்கே கிடப்பதால் எதிர்க்கோலில் நடப்பது சரியாகத் தெரியாது, கேலரியும் கொச்சிபோல நிரம்புவதில்லை. ஆனால் நமக்குப் பட்டம் வாங்கித் தந்த எட்வின் வான்ஸ்பால் 2019இல் போய்ச் சேர்ந்த அணி இதுதான். கேலரியில் திட்டுவதும் தமிழில், பாராட்டுவதும் தமிழில். நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு அக்கா மகன் தானாக எழுந்து நின்று கத்தியது அங்கே மட்டும்தான்.

ஆகவே எங்கள் தேர்வு சென்னையின் எஃப்.சி.தான். பருவத்தில் ஒருமுறை, சென்னை அணி கொச்சிக்கு ஆட வரும் நாளில், கலூருக்கும் போவோம். ஞாயிறு இரவுச் சேரனில் படுக்கை கிடைப்பது கடினம் என்பதால், அட்டவணை வெளியானதும் முதலில் ரயில் சீட்டையும் பிறகு ஆட்டச் சீட்டையும் எடுப்பது நல்லது.