காதுவலி: உடனே ஆன்டிபயாட்டிக்கா, இரண்டு நாள் பொறுப்பதா?

கோலாலம்பூர் செந்தூலில் எங்கள் வீட்டில் சளி பிடித்து இரண்டு மூன்று நாள் கழித்து, அதுவும் ராத்திரியில்தான் காதுவலி வரும். பேசத் தெரியாத பிள்ளை படுக்கவைத்தால் வீறிடும், பால் குடிக்காது, காதை இழுக்கும். காதை இழுப்பதை மட்டும் வைத்துக் காதில் தொற்று என்று முடிவுகட்ட முடியாது. டாக்டர் செவிப்பறையைப் பார்த்தால்தான் தெரியும்.

ஆறு மாதம் ஆகாத குழந்தை என்றால் உடனே ஆன்டிபயாட்டிக்தான். 39 டிகிரி காய்ச்சல், சீழ் வடிதல், இரண்டு வயதுக்குள் இரண்டு காதிலும் தொற்று என்றாலும் அப்படியே. பெரும்பாலும் அமோக்சிசிலின் என்ற ஆன்டிபயாட்டிக் தருவார்கள். வயிற்றுப்போக்கு வரலாம், அதற்காக நாமே பாதியில் நிறுத்தக் கூடாது.

மற்றபடி, டாக்டர் சரி என்றால் 48 முதல் 72 மணி நேரம் பார்க்கலாம். பல பிள்ளைகளுக்குத் தானாகவே குறைந்துவிடும். வலியோடு விட்டுவைப்பது என்று அர்த்தமில்லை. எடைக்கேற்ற பாராசிட்டமால் கொடுக்க வேண்டும். என் ஓட்டு பொறுத்துப் பார்ப்பதற்குத்தான், குறையாவிட்டால் மறுபடி கிளினிக்குக்குப் போக வசதி இருந்தால். பாட்டி காய்ச்சிவைத்த நல்லெண்ணெயைக் காதில் ஊற்றாதீர்கள், செவிப்பறை கிழிந்திருக்கலாம். காதுக்குப் பின்னால் வீங்கிச் சிவந்தால் இரண்டு நாள் கணக்கெல்லாம் கிடையாது, நேரே மருத்துவமனைதான்.